காபி இடைவேளை

அப்பாவின் காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே குன்வோர் ஒரு கண்ணைக் கைபேசியில் வைத்திருந்தாள். பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்த அதில் நகராட்சிக் கூட்டம் நேரலையில் ஓடியது. உறுப்பினர் ஒருவர் அரை மணி நேரமாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஓட்டு போடலையா?" கண்ணைத் திறக்காமலே ஆல்கொட் கேட்டார்.

"இல்லப்பா. அந்தாளு வாய மூடினாத்தானே!"

"மூடிடுவான். இல்லன்னா நான் கண்ண மூடிடுவேன்."

மறுபக்கம் அவர் கையைப் பிடித்திருந்த ஹோதானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவீடனின் அந்த நகராட்சி முதியோர் இல்லத்தில் அவள் உதவிச் செவிலி. முன்பெல்லாம் இப்படி உட்கார்ந்து சிரிக்க முடியுமா? பதினாலு பேருக்கு ஒரே ஆள், எட்டு மணி நேரமும் ஓட்டமோ ஓட்டம். ஒன்றரை வருடமாக ஆறு மணி நேர வேலை, கூடுதலாக ஐந்து ஊழியர்கள். சாகக் கிடப்பவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்காரலாம். ஆனால் இது சோதனை முயற்சிதான். தொடரலாமா, மங்களம் பாடிவிடலாமா என்றுதான் இன்றைக்கு வாக்கெடுப்பு.

நான்கு வருடத்துக்கு முன் இதே மாடியில் ஆல்கொட்டின் மனைவி அழைப்பு மணியை அழுத்தியபடி தனியாகப் போய்ச் சேர்ந்தாள். நாற்பது நிமிடம் யாரும் வரவில்லை. அன்று பணியில் இருந்தவளும் ஹோதான்தான். வேறோர் அறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆல்கொட் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. இல்லத்தில் ஆள் போதவில்லை என்று பத்திரிகைக்கு வாரம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார். கடைவீதியில் அவரைக் கண்டால் நகராட்சித் தலைவர் எதிர்ப்பக்கம் போய்விடுவாராம்.

மூன்று மணிக்கு ஹோதானின் நேரம் முடிந்தது. மாற்று ஆளாக வந்த புதுப் பெண் லின்னேயா கதவோரம் நின்றாள். "நீ கெளம்புக்கா, நான் உக்கார்றேன்."

"முடிவு தெரியாம நான் நகர மாட்டேன்."

கைபேசியில் தலைவர் மணியடித்தார். குன்வோர் துள்ளி எழுந்தாள்.

"வாக்கெடுப்புக்கு முன் இருபது நிமிடம் காபி இடைவேளை."

சுவீடனில் உலகமே அழிந்தாலும் மூன்று மணிக்குக் காபி உண்டு.

"இப்பவா? அடப்பாவிங்களா!"

"ஏலக்காய் பன்னும் இருக்கும்" என்றார் ஆல்கொட். "அது தீராம ஓட்டு விழாது. இருபது நிமிஷந்தானே... பாக்கலாம்."

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. குன்வோர் அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, இன்னும் எட்டே நிமிஷம்! விட்டுடாதீங்க!" திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

திரையில் இன்னும் காலி நாற்காலிகள்தான்.

ஹோதான் எழுந்து, உயிர் வெளியே போவதற்காக ஜன்னலைத் திறந்துவிட்டாள். மெழுகுவத்தி ஏற்றினாள். சாவுக்கான கொடியை ஏற்றச் சொல்லக் கீழே போனாள். குன்வோர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவர்கள் பன்னு தின்கிற நேரத்தில் மனுஷன் போய்விட்டாரே!

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு கூச்சல் உள்ளே வந்தது.

"இருபத்தொண்ணு! இருபதுக்கு இருபத்தொண்ணு! ஜெயிச்சாச்சு!"

முற்றத்தில் சமையல்காரர்கள் தட்டைத் தட்டினார்கள். யாரோ காரின் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். குன்வோர் ஜன்னலுக்கு ஓடினாள். அவளும் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

கீழே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூரே நீலமும் மஞ்சளுமான கொடியை விறுவிறுவென்று கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டார். அவளுக்குத் திக்கென்றது. சாவுக்குப் பாதிக் கம்பம் அல்லவா?

"ஸ்டூரே! ஹோதான் சொல்லலையா? அப்பா போயிட்டாரு!"

"சொன்னா, குன்வோர். முதல்ல உச்சிக்குப் போயிட்டுத்தான் பாதிக்கு எறங்கணும். அதான் முறை."

"அப்ப எறக்குங்க."

ஸ்டூரே கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். "எறக்கறேன். என்ன அவசரம்? அவனுங்க மட்டும் இருபது நிமிஷம் காபி குடிக்கலாமா?"

கொடி உச்சியில் படபடத்தது. கம்பத்தடியில் ஹோதான் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்வோர் திரும்பினாள். லின்னேயா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்திருந்தாள்.