போட்டிக்காரன் டிஸ்க்

நான்கு பேரும் கை தூக்கினால்தான் பங்கை விற்கலாம். இது அண்ணன் போட்ட சட்டம். அவனவன் பயந்துபோய் இஷ்டத்துக்கு விற்றுவிடக் கூடாதாம். அச்சகம் நடத்தும் அந்த மகானுபாவர், தங்கையும் இரண்டு நண்பர்களும் கொடுத்த பணத்தைத் தன் பணத்தோடு சேர்த்து ஒரே கம்பெனியில் கொட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் செருகி எடுக்கும் டிஸ்க்கையும் அதை ஓட்டும் டிரைவையும் செய்கிற கம்பெனி. டிரைவை அடக்க விலைக்கே தள்ளிவிட்டு, டிஸ்க்கில்தான் அது லாபம் பார்த்தது. நால்வர் தொழிலும் அந்த டிரைவில்தான் ஓடியது. "நாமளே வாங்குறோம்ல, இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?" என்பார் அண்ணன்.

இப்போது புதிதாக ஒருத்தன் முளைத்திருந்தான். அதே டிரைவில் ஓடும் டிஸ்க்கை மலிவாக விற்கிறான். அதைப் பேசத்தான் அச்சகத்து மாடி அறையில் கூடியிருந்தார்கள்.

தங்கைக்குத்தான் அவசரம். அவளுடைய ஃபோட்டோ ஸ்டூடியோ இருக்கும் அறையை உரிமையாளர் விற்கப்போகிறார். "முதல்ல உங்களைத்தாம்மா கேக்குறேன், சீக்கிரம் சொல்லிடுங்க" என்றிருந்தார் அவர். பங்கை இன்று விற்றால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் கேமராவும் கையுமாக நடுத்தெரு. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும்.

"பொடிப்பய கம்பெனி" என்றார் அண்ணன். "அவன் டிஸ்க்கை எவன் நம்பி வாங்குவான்?"

"தரமே கிடையாதாம்" என்றார் பல் டாக்டர். யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிற மனிதர்.

கட்டடத்துக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர், புதுக்காரனைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து வந்திருந்தார். "ஆளுக்கொரு டிஸ்க் குடுங்க, ஏத்தித் தர்றேன்."

பல் டாக்டர் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து வைத்தார். நீல டிஸ்க். நீலம் புதுக்காரனுடைய நிறம். தங்கை வைத்ததும் நீலம். இன்ஜினியர் தன் கையில் இருந்ததைப் பார்த்து அசடு வழிந்தார். அண்ணனோ பேச்சு மும்முரத்தில் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பெட்டி நிறைய நீலம். அடப்பாவிகளா! ஒருத்தருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அண்ணா, நாமளே அவன்கிட்டதான் வாங்குறோம்" என்றாள் தங்கை. "அப்புறம் வேற எவன் நம்ம கம்பெனியில வாங்குவான்? வித்துடலாம்ணா." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். மற்ற இருவரும் தூக்கினார்கள்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "கடைச் செலவுக்கு மலிவா வாங்குறது வேற, முதலீடு வேற. உனக்கு ரூம் வேணும்னா, அதுக்காக இவங்க பணத்துல எல்லாம் கை வைப்பியா?"

மற்றவர்கள் முன்னால் இப்படிக் கேட்டதில் அவள் கூனிக் குறுகிப்போனாள். பல் டாக்டரின் கை முதலில் இறங்கியது. பிறகு இன்ஜினியருடையது. தனியாக நீட்டிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்ததால் அவளும் இறக்கினாள்.

அதன்பின் பங்கு விலை இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஒருவழியாகக் கை தூக்கியபோது விற்பதற்கென்று உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. ஸ்டூடியோ அறையைச் செருப்புக் கடைக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார்.

அவள் காலி செய்த அன்று அண்ணன் வந்தார். அவள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருந்தா, நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. நான் கேக்காமலா இருந்திருப்பேன்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கை தூக்குனா போதும்னு நினைச்சேன்ணா. உங்க கால்ல விழணும்னு தெரியாமப் போச்சு."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நீ இப்படிக் குத்திக் காட்டுவேன்னு தெரிஞ்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார். போனவர்தான், அப்புறம் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. தங்கை நன்றி கெட்டவள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.