மேகத்துக்கு மேலே ஒரு படகு

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்தது அவளுக்கு நினைவே இல்லை. படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் இருந்த கூடையில் போட்டிருக்க வேண்டிய கறுப்பு 3டி கண்ணாடி. அதோடு பஸ்ஸில் நின்றபடியே வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்று மாடியையும் ஏறி, வீட்டுக்குள் நுழைந்து, "மருந்துக்கடையில கூட்டம் தாங்கல" என்று வாய் கூசாமல் சொல்லியும் விட்டாள். கிளம்பும் அவசரத்தில் இருந்த நாத்தனார், அண்ணி புதிதாக வெயில் கண்ணாடி வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"தலையில என்ன?" என்றான் கட்டிலில் கிடந்த கணவன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் பேச்சு வாய்க்குள்ளேயே குழையும். இந்தக் கேள்வி மட்டும் தெளிவாக வந்து விழுந்தது.

தடவிப் பார்த்தாள். வசமாக மாட்டிக்கொண்டாயிற்று.

புதன்கிழமை மதியம் நாத்தனார் வந்து அண்ணனுக்குத் துணை இருப்பாள். இவள் மருந்து வாங்கப் போவாள். அது கால்மணி நேர வேலை. மிச்ச நேரத்தில் ஒருநாள், வெயிலுக்கு ஒதுங்குகிற சாக்கில் தியேட்டருக்குள் நுழைந்தாள். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம். வற்றிப்போன ஆற்றில் கிடக்கும் படகில் படகுக்காரன் மகள் ஏறி உட்கார, படகு மேகத்துக்கு மேலே போகிறது. அங்கே திமிங்கிலங்கள் மேய்கின்றன. நம்புகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. ஆனால் படகு தரையை விட்டு எழும்பிய நொடியில் துவைக்க வேண்டிய விரிப்பு, மாத்திரை வேளை, முடிக்காத தையல் வேலை எல்லாம் அவளிடமிருந்து கழன்று கீழே விழுந்தன. அவனும்தான். வெளியே வந்தபோது அதுதான் அவளைச் சுட்டது. சுட்டும் என்ன, அடுத்த புதனும் போனாள்.

"படத்துக்குப் போனேன்" என்றாள். "மூணு வாரமா. ஒரே படம்."

அவன் விட்டத்தைப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊராரையெல்லாம் ஏற்றி இறக்கியவன். இப்போது கட்டிலை விட்டு இறங்க அவள் தோள் வேண்டும்.

"அங்க இருக்கும்போது என் ஞாபகம் வந்துச்சா?"

வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த புதன் பிழைத்துவிடும். பொய் அவளுக்கு இன்று நன்றாகவே வருகிறது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"வரலைங்க. கொஞ்சங்கூட வரல. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன்."

அவன் நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமான பிடி. தள்ளிவிடப் போகிறானோ என்று பயந்தாள்.

"கதையச் சொல்லு" என்றான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடகடவென்று ஆரம்பித்தாள். அவன் நிறுத்தினான். "மெதுவா. படகு என்ன கலரு?"

பச்சை, ஆனால் பாதி உரிந்துபோனது என்றாள். ஆற்று மணலைச் சொன்னாள். நங்கூரக் கயிறு அறுந்ததைச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். படகு எழும்பியது. கூரைகள் கீழே போயின, மரங்கள் போயின, பாலம் ஒரு கோடாகிப்போனது. கோணலாய்க் கிடந்த அவன் முகம் மெல்லத் தளர்ந்தது. அவள் மணிக்கட்டிலிருந்த விரல்களும் தளர்ந்தன. கை நழுவி விரிப்பின்மேல் விழுந்தது. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க" என்றாள்.

அது அவன் காதில் விழவில்லை. தூங்கவில்லை அவன். மூடிய இமைக்குள் கண்கள் எதையோ தொடர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன.

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருக்கும்போதே ஒருவர் தன்னை மறந்துவிட்டுப் போவது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். வைத்துக்கொள்ளவில்லை. குரலை இன்னும் தாழ்த்தி, படத்தில் போகாத உயரத்துக்குப் படகை ஏற்றிக்கொண்டே போனாள்.