அம்மைக்கு ஏது சர்டிபிகேட்?

செங்கமலத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. மகள் சுபஸ்ரீ அம்மை போட்டு இரண்டு வாரம் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாளே, தான் வேலைக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அவளைப் பாலிடெக்னிக்குக்கு அழைத்து வந்திருந்தாள். துறைத்தலைவரோ மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாமல் லீவும் கிடையாது, நாள் கடந்த ரெக்கார்டு நோட்டையும் வாங்க முடியாது என்கிறார்.

“வூட்டுக்கு ஆத்தா வந்துகீறப்போ, டாக்டராண்ட யாரு சார் போவாங்க?”

“எனக்குத் தெரியாதாம்மா? ஆபீஸ்ல பேப்பர் கேக்குறாங்களே, நான் என்ன பண்றது?”

சுபஸ்ரீ நோட்டை நீட்டியபடி ஓரடி முன்னால் வந்தாள். ஆறிய தழும்புகள் கன்னமெல்லாம் கறுத்திருந்தன. துறைத்தலைவர் சட்டென்று நாற்காலியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனார்.

“அங்கயே நில்லும்மா! நோட்டை அந்த பெஞ்சுல வை!”

செங்கமலம் இடுப்பில் கை வைத்தாள். “இன்னா சார், சர்டிபிகேட் இல்லாமயே நம்பிட்டீங்களா?”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. மேசைமேல் கிடந்த லீவு லெட்டரை எட்டி இழுத்து, ‘மாணவிக்கு அம்மை, நானே நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அந்தத் தாளை ஸ்கேலால் அவர்கள் பக்கம் தள்ளினார்.