பத்து மணி ரீடிங்

எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பெங்களூரில் பெரிய டாக்டர்கள் அசந்துபோயிருந்தார்கள். அதிலும் மைசூர் மைன்ஸ் குடியிருப்புப் பவ்யாவின் பிரஷர் இருக்கிறதே, எட்டு வாரமாக நூற்றிருபதுக்கு எண்பது. மிஞ்சினால் இரண்டு புள்ளி ஏறும், இரண்டு புள்ளி இறங்கும். எல்லாம் நாங்கள் கொடுத்த சத்துமாவு டப்பாவின் மகிமை என்று ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் விநாயக் தீர்மானித்துவிட்டார். அந்த மாவை ஒரு நாள் வாயில் போட்டுப் பார்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் தீர்மானித்திருக்க மாட்டார்.

என் பெயர் ஃப்ளோரா. அந்த ஆராய்ச்சிக்காக கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள் நான்தான். நாற்பது கர்ப்பிணிகள் வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு பிரஷர் மெஷின், மாதம் ஒரு டப்பா. தினமும் காலை பத்து மணிக்கு, வீட்டில், நிம்மதியாக உட்கார்ந்து கையில் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ரீடிங்கை மெஷினே பெங்களூருக்கும் என் போனுக்கும் அனுப்பிவிடும். பாதி ஊர் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் வேலைக்கு ஓடுகிற இடத்தில், பத்து மணிக்கு நிம்மதியாக வீட்டில் உட்காரச் சொன்ன மகானை எனக்கும் ஒரு தடவை பார்க்க ஆசை.

பவ்யாவும் ஓடுகிறவள்தான். கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. "அடுத்த மாசம் நின்னுடுவேன்க்கா" என்றாள். நாற்பதாவது ஆள் கிடைத்தால் போதுமென்று 'வீட்டில் இருப்பவர்' என்ற கட்டத்தில் நான் டிக் அடித்தேன். போகிற போக்கில் அவள் மாமனார் சம்பங்கியிடம், "ஒரு நாள் விட்டாலும் பேரை எடுத்துடுவாங்க மாமா, டப்பா நின்னுடும்" என்று மிரட்டியும் வைத்தேன். சம்பங்கி தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் குழி வாயில் நின்று, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணியடித்தவர். நேரம் தவறுவது அவருக்குக் கொலைக்குற்றம்.

அந்த அழகான பிரஷருக்காக என்னைப் பாராட்டப் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் காட்ட ஒரு மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் பவ்யா. அடுத்த மாதம் நிற்பதாகச் சொன்னவள் எட்டாம் மாதத்திலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலில் புருஷன் அனிலின் செருப்பு. அவளுடையது நுழையவில்லையாம்.

"இன்னா பவ்யா, மூஞ்செல்லாம் ஊதிகினு கீது?"

"ரெண்டு நாளா தலைவலிக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது. வேலை ஓடினா சரியாயிடும்."

பையிலிருந்த மெஷினை எடுத்து அவள் கையில் கட்டினேன். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. மெஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடி எடுத்தேன். நூற்று எழுபது.

"தினம் பத்து மணிக்கு யாருடி எடுக்கறது?"

"மாமாதான். அவரே கைல கட்டிக்கறாரு. விட்டா டப்பா நின்னுடும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க."

சுரங்கத்தில் ஒருவன் வராவிட்டால் அவன் டோக்கனில் இன்னொருவன் இறங்குவான். பதிலி என்பார்கள். தலைக்கணக்கு சரியாக இருந்தால் தலை யாருடையது என்று எவனும் கேட்டதில்லை. சம்பங்கி தன் மருமகளின் டோக்கனில் கர்ப்பத்துக்கு இறங்கியிருந்தார். ஆக, கர்நாடகத்திலேயே ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு வயது அறுபத்தாறு, முகத்தில் மீசை, தினமும் ஒரு பிரஷர் மாத்திரை. வேறு யாருடைய கதையாகவாவது இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். டிக் அடித்த கை என்னுடையது.

பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் அவளை இறக்கி, ஆட்டோ பிடித்துக் கோலாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அனிலுக்குப் போன் செய்தேன். பிள்ளையை இன்றே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போகும் என்றார் டாக்டரம்மா. பவ்யா என் புடவைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. என் போனில் பச்சை விளக்கு எரிந்தது. மணி பத்து. பவ்யா, நூற்று இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு, மிக நன்று.

பின்னாலேயே டாக்டர் விநாயக்கின் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஒரு கேஸை எடுத்துட்டா மத்தது சரியா இருக்கும் இல்லையா?" என்றார்.

"இன்னிக்கு ரயில்ல நம்ம நாப்பது பேர்ல ஆறு பேரைப் பாத்தேன் சார். அவங்க வீட்டு ரீடிங்கும் வந்திருக்கு" என்றேன். பாராட்டுக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

மத்தியானம் சம்பங்கி மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னதும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஆப்சென்ட் விழக்கூடாதுன்னுதாம்மா செஞ்சேன். என் கையப் பாத்துதானா அவ நல்லா கீறான்னு விட்டீங்க?"

"ஆமா மாமா. நான் போட்ட டிக்கைப் பாத்து" என்றேன். இருவரும் அழுதோம். எனக்கு என்மேல் வந்த கோபத்தில் பாதியாவது பெங்களூர்மேலும் வந்தது, பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ நானூறு. பவ்யாவுக்கு உயிர் தங்கியது, ஆனால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. அனில் ஐசியு கதவருகேயே நின்றிருந்தான். நர்ஸ் ஜெயசீலி வெளியே வந்து, பாலாடையில் தாய்ப்பால் கொடுக்கிறோம், ஆனால் குழந்தைக்குச் சூடு போதவில்லை, வெறும் மார்பில் போட்டு வைத்திருக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றார்.

சம்பங்கி எழுந்தார். நர்ஸைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"இதுக்குப் பதிலி நிக்கலாமா?"

"தாராளமா நிக்கலாம்" என்றார் ஜெயசீலி. "இருமல், சளி, வேற வியாதி எதுனா கீதா?"

"பிரஷர் மட்டும்."

"கன்ட்ரோல்ல கீதா?"

போனைத் திறந்து நீட்டினேன். ஐம்பத்தாறு நாள், ஒரு நாள் விடாமல், பத்து மணி ரீடிங். ஜெயசீலி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"கர்ப்பிணின்னு போட்டிருக்கு?"

"ஆமா. அவருதான்" என்றேன்.

சம்பங்கி குளித்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றினார். குழந்தையை அவர் நெஞ்சில் குப்புறப் போட்டு மேலே துணி சுற்றினார்கள். இரவெல்லாம் அனிலும் அவரும் மாறி மாறி வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பவ்யாவின் பெயரில் முதல் தடவையாகச் சிவப்பு விழுந்தது. பத்து மணி ரீடிங் தவறியது, உடனே தொடர்புகொள்ளவும் என்றது போன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். குழந்தையோடு உட்கார்ந்திருந்த சம்பங்கிக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.