வலது கையுறை

தடால் என்று நாற்காலி சரிந்தது. அதைவிடக் கனமான ஏதோ ஒன்றும் கூடவே விழுந்தது. சத்தம் வராந்தா வரை கேட்டது.

தாரணி அப்போது கணவன் கிஷோரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆடுகோடியில் இருக்கும் அவர்கள் வீட்டில் இரண்டு வயதுப் பாப்பாவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். விடிந்ததும் வாங்கிய மருந்து பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் மறதியில் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"நானே வண்டி எடுத்துட்டு வரேன். கேட்டுக்கு வந்து பைய குடு" என்று கிஷோர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம். போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினாள்.

பெங்களூருக்கு வரும் வெளிநாட்டுப் பார்சல்களைப் பிரித்துச் சோதிக்கிற சுங்க அலுவலகம் அது. தாரணி அங்கே இன்ஸ்பெக்டர். சோதனை அறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். சூப்பரின்டெண்டென்ட் சுந்தரமூர்த்தி மேஜைக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். பக்கத்து அறையிலிருந்து மௌரீனும் ஓடி வந்தாள். இவளும் இன்ஸ்பெக்டர்தான், பத்து வருஷம் சீனியர்.

"உள்ள போடி. என்னா பாத்துட்டு நிக்கிற?"

"இருங்கக்கா. மாஸ்க் மொதல்ல."

அது தாரணியே எழுதிய விதி. பார்சல்களில் இப்போதெல்லாம் வருகிற சில போதை மாவுகள் பழைய சரக்கு மாதிரி இல்லை. நாலைந்து உப்புக்கல் அளவு உள்ளே போனாலே மூச்சு நின்றுவிடும். அதனால் இரண்டு பக்கத்துக்கு விதிகள் எழுதி நீட்டியிருந்தாள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரும் பொடி பிரிக்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். மாற்று மருந்து பீரோவுக்குள் பூட்டியிருக்கக் கூடாது, கதவோரம் தொங்க வேண்டும். சந்தேகம் என்று வந்துவிட்டால் அந்த அறையிலிருந்து ஒரு துரும்புகூட வெளியே போகக் கூடாது.

"இதப் படிச்சா நாம பார்சல் பிரிக்கிறமா, ராக்கெட்ல போறமான்னு தெரியலம்மா" என்று சிரித்தபடிதான் சுந்தரமூர்த்தி கையெழுத்துப் போட்டார். ஆனால் போட்ட பிறகு அவரைப் போல அதைக் கடைப்பிடித்தவர் கிடையாது. கையுறை இல்லாமல் கத்தரிக்கோலைத் தொட்டால்கூடச் சத்தம் போடுவார். அந்த மனுஷன்தான் இப்போது கிடக்கிறார்.

முகமூடி, இரட்டைக் கையுறை, மாற்று மருந்து ஸ்ப்ரே. அரை நிமிஷம் ஆயிற்று. உள்ளே போய் மண்டியிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தால் கருமணி கடுகளவு. மூச்சு எப்போதோ ஒன்று.

மூக்கில் ஸ்ப்ரேயை அடித்தாள். மௌரீனும் முகமூடியோடு வந்து, காற்றூதும் பையை அவர் முகத்தில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள்.

"எப்படிடீ? மாஸ்க், கிளவுஸ் இல்லாம மூச்சுகூட விட மாட்டாரே இந்தாளு?"

தாரணி அப்போதுதான் பார்த்தாள். முகமூடி தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. இடது கையில் கையுறை இருந்தது. வலது கையுறை கழற்றி மேஜைமேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் 'பூஜை சாமான்' என்று எழுதி வந்த ஒரு பார்சல், பிரித்தபடி. முருகன் படம் போட்ட காகித உறை. உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி.

சுந்தரமூர்த்தியின் நெற்றியில் புதிதாக மூன்று கோடுகள். கீழுதட்டிலும் கொஞ்சம்.

திருநீறு என்றால் கையுறை போட்ட கையால் எடுக்க அவருக்கு மனசு வராது. நெற்றியில் இட்டது போக விரலில் ஒட்டியதை வாயில் போட்டுக்கொள்வார். எந்தக் கோயில் பிரசாதம் வந்தாலும் ஆபீசில் யாருக்குப் பரீட்சை, யாருக்கு ஆபரேஷன் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு கொடுப்பார். மௌரீனே ஒருமுறை மறுக்க முடியாமல் வாங்கியிருக்கிறாள்.

தாரணி ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். நெற்றிக்குப் போன கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையும் அழுத்தித் துடைத்தாள்.

மூன்று நிமிஷம் கழித்து இரண்டாவது ஸ்ப்ரே. ஒரு நீளமான மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று. 108 வண்டி வந்தபோது அவர் கண் திறந்திருந்தார். ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

வண்டி போனதும் தாரணி கைகால் கழுவி, உடை மாற்றி, அறைக் கதவில் மஞ்சள் நாடாவை ஒட்ட ஆரம்பித்தாள். அதே நேரத்துக்குக் கிஷோர் கேட்டுக்கு வந்து நின்றான். மௌரீன்தான் அவனை உள்ளே கூட்டி வந்தாள்.

கண்ணாடி வழியே தாரணியின் பை தெரிந்தது. பைகள் வைக்க வேறு இடம் இல்லாததால் எல்லோருடையதும் அந்த அறை ஷெல்ப் மேலேதான். எட்டு அடி தூரம்.

"ஜிப் போட்டுதானே இருக்கு. எடுத்துக் குடுத்துடு. யாரு கேக்கப் போறா?" என்றாள் மௌரீன்.

"முடியாதுக்கா. உள்ள இருக்கறது எதுவும் வெளிய வராது."

"நீ எழுதின ரூலு. நீயே ஒரு நாள் மாத்த முடியாதா?" கிஷோரின் குரல் இறுகியிருந்தது. "கொழந்த அனலா கொதிக்குது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு ஓடி வரேன். அதுல நம்ம மருந்து இருக்கு, விஷமா இருக்கு?"

தாரணியின் கை நாடாமேல் நின்றது. பொடி இருந்த மேஜை ஒரு மூலை. பை எதிர் மூலை. போய் எடுத்து வர பத்து வினாடி போதும். கதவுப்பிடியைக்கூடத் தொட்டுவிட்டாள்.

பிறகு நாடாவைக் குறுக்கே இழுத்து ஒட்டினாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணு. சீட்ட வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லு. புதுசா வாங்கிக்கோ."

"ரொம்ப நல்ல அம்மா நீ" என்றான் கிஷோர். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

நாலு மணிக்குக் கிஷோரிடமிருந்து 'நூறு' என்று ஒரே வார்த்தையில் செய்தி வந்தது. காய்ச்சல் இறங்கியதைத்தான் சொல்கிறான், கோபம் இறங்கியதை அல்ல. சாயங்காலம் முதல் சோதனை முடிவும் வந்தது. திருநீறோடு கலந்து வந்தது அவள் பயந்த அதே சரக்குதான். கவச உடை போட்ட குழு மறுநாள் காலையில் வந்துதான் அறையைத் திறக்கும்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுந்தரமூர்த்தியின் மனைவி சுப்புலக்ஷ்மி வார்டு வாசலில் நின்றிருந்தாள். "இப்பதான் நெனவு தெளிஞ்சிருக்கு. எழுந்ததுலேர்ந்து உன்னைத்தான் கேக்கறார். என்னன்னு சொல்ல மாட்டேங்கறார்" என்றாள்.

நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்ற கூச்சத்தோடு தாரணி உள்ளே போனாள்.

அவளைப் பார்த்ததும் சுந்தரமூர்த்தி குழாய் செருகியிருந்த கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தாரணிம்மா, நீ போன் பேசப் போனப்ப, பாப்பாவுக்கு இட்டுவிடட்டும்னு அந்தத் திருநீறுல ஒரு பொட்டலம் மடிச்சு உன் பையில வச்சேன்... பைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?"