நாகவல்லியின் பல்செட்

கோளாறு பல்செட்டில்தான் என்று நான் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். பட்டணத்துப் பல் டாக்டர் ஒருவரிடம் பதினைந்து வருஷம் செட் செய்து கொடுத்தவன் நான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது பூந்தமல்லிக்கு வந்து கடை போட்டேன். ‘வரதன் செட்டு போட்டா கரும்பே கடிக்கலாம்’ என்று பேர். அந்தப் பேர்தான் என் கண்ணை மறைத்தது.

என் மனைவி நாகவல்லிக்கு நாற்பது வயதிலேயே பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. பார்த்துப் பார்த்து ஒரு செட் செய்தேன். ஒரு மாதம் சிரித்துக்கொண்டே வளைய வந்தாள். அப்புறம், “இன்னாங்க, கீழே குத்துது” என்றாள். எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் அரத்தை எடுத்து, குத்திய இடத்தில் செட்டின் தகட்டை ராவினேன். பத்து நாளில் வேறு இடம் புண்ணானது. அங்கேயும் ராவினேன். பிறகு செட் தொளதொளத்தது. புதிதாக அச்சு எடுத்து இன்னொன்று செய்தேன். இரண்டே மாதத்தில் அதுவும் ஆடியது. ஈறு கரைந்துகொண்டே போனது. நானோ என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புண் ஆறவில்லை. தேன் தடவினேன். அவளால் மெல்ல முடியாதே என்று, யுத்தகாலத் தட்டுப்பாட்டிலும் கடை கடையாக அலைந்து வெல்லம் வாங்கிக் கஞ்சியில் கரைத்து ஊட்டினேன். தெருவே மெச்சியது. எனக்கும் பெருமைதான், மடையன்! அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். துரும்பாக இளைத்தாள். கொல்லையில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. வெந்நீர் ஊற்றிக் கொன்றேன்.

தாடை வீங்கிக் காய்ச்சல் வந்ததும் வண்டி பிடித்துப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “இவங்க ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு வருதா?”

நீரிழிவாம். வருஷக்கணக்காக இருந்திருக்குமாம். புண் ஆறாததும் ஈறுக்கடியில் எலும்பு தேய்ந்ததும் அதனால்தானாம்.

“செட்டுல ஒரு தப்பும் இல்லப்பா. நல்ல வேலை” என்றார்.

அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம். ஊசி போட்டார்கள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி சொல்வதற்கில்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் அவள் என் கையைப் பிடித்தாள். “பொக்க வாயோட என்னை அனுப்பாதீங்க. செட்டு மாட்டி வுடுங்க.”

“இன்னா பேச்சு இது!” என்று அதட்டினேன். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

வீட்டு வாசலில் கிடத்தி, வாய்க்கரிசி போடுமுன் செட்டை மாட்டினேன். நிற்கவில்லை. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. மறுபடி மாட்டினேன். வழுக்கி வந்து உதட்டில் விழுந்தது. அரிசித் தட்டோடு சொந்தபந்தம் காத்து நின்றது. என் கை மட்டும் தன்னால் இடுப்பில் அரத்தைத் தேடியது.