அடிக்கரும்பு

எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகள் எங்கள் பள்ளிக்கூடத்து மேட்டில் மெதுவாகத்தான் ஏறும். 1983இல் நாங்கள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் வண்டிக்குப் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவதுதான் வேலை. அதற்கொரு சட்டமும் வைத்திருந்தோம். உருவியவருக்கு இனிக்கும் அடிக்கரும்பு, பைகளைப் பார்த்துக்கொள்பவருக்குச் சப்பென்ற நுனி.

பை பார்த்துக்கொண்டது எப்போதும் ஆண்டாயிதான். இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது.

அன்று ஒரு கரும்பைப் பங்கு போட்டுவிட்டு அடுத்ததை உருவப் போனோம். வண்டிக்காரர் தங்கசாமி குதித்து இறங்கிவிட்டார். நானும் சின்னதுரையும் தலைதெறிக்க ஓடினோம். கையில் கரும்புத் துண்டோடு ஆண்டாயி மாட்டிக்கொண்டாள்.

அவளை ஹெட்மாஸ்டரிடம் கூட்டிப்போனார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒளிந்திருந்தோம்.

"கூட யாரு இருந்தா? சொல்லு. இல்லன்னா ஒங்கப்பாவ வரச்சொல்லுவேன்" என்று அதட்டினார் ஹெட்மாஸ்டர்.

ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்திவிடுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். அப்படியும் ஆண்டாயி வாயே திறக்கவில்லை. விட்டுவிட்டு ஓடிய எங்களுக்காக அவள் அங்கே நின்றாள். என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"போவாத, அமிர்தவல்லி" என்று சின்னதுரை என் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு உள்ளே போனேன்.

"சார், அவ உருவலைங்க. நான்தான் உருவுனேன்."

"அப்ப அவ கைக்கு எப்படி வந்துச்சு?"

"பாருங்க சார், அது நுனி. உருவுனவங்களுக்குத்தான் அடிக்கரும்பு. அவளுக்கு நாங்க எப்பவும் நுனிதான் குடுப்போம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. அழுதுகொண்டே என் துண்டை மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சின்னதுரையும் வந்து தன்னுடையதை வைத்தான்.

ஹெட்மாஸ்டர் எங்கள் இருவர் கையிலும் பிரம்பால் நாலு போட்டார். ஆண்டாயியின் அப்பாவுக்கு ஆள் அனுப்பவில்லை.

"கரும்பு போனா போவுது. இந்தப் புள்ளைய விட்டுட்டு ஓடுனீங்களே!" என்றார் தங்கசாமி. துண்டுகளை எங்களிடமே கொடுத்துவிட்டு, ஆண்டாயியைத் தூக்கி வண்டியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

என் அடிக்கரும்பை அவளிடம் கொடுத்துவிட்டு அவளுடைய நுனியை வாங்கிக்கொண்டேன். வண்டியோடு கூடவே நடந்தேன். ஆண்டாயி ஒரு கடி கடித்தாள். கண்கள் விரிந்தன.

"இம்புட்டு இனிக்குமாடி?"

அவள் அந்தத் துண்டை முழங்காலில் வைத்து ஒடித்து, பாதியை என்னிடம் நீட்டினாள்.